சாலைப் பக்கம்: கேப் கிடைச்சா புகுந்துடுவீங்களா? அந்த 24 விநாடிக் கணக்கு!

காலை 9 மணி. சென்னை, வடபழனி சிக்னல். 100 அடி சாலையில் வண்டிகள் அசையாமல் நிற்கின்றன. முன்னால் ஒரு மாநகரப் பேருந்து, பக்கத்தில் ஒரு கார், அதற்குப் பின்னால் ஒரு தண்ணீர் லாரி. நடுவே ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு சந்து. அதில் ஒரு பைக் நுழைகிறது. அதன் பின்னால் இன்னொன்று. அதற்கும் பின்னால், ஸ்கூல் பை மாட்டிய பிள்ளையைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு ஒரு ஸ்கூட்டர். விளக்கு பச்சைக்கு மாறுவதற்குள் ஸ்டாப் லைனுக்கு முன்னால் டூவீலர் கூட்டமே சேர்ந்துவிடுகிறது.

காருக்குள் இருப்பவர், "இவனுங்களுக்கெல்லாம் அறிவே கிடையாது" என்று முணுமுணுக்கிறார். பைக்கில் இருப்பவரோ, "ஏசியில உட்கார்ந்திருக்கறவருக்கு என்ன தெரியும்?" என்று நினைக்கிறார். தினமும் இதே சாலை, இதே கோபம்.

இதில் யார் பக்கம் நியாயம்? வண்டிகளுக்கு நடுவே புகுந்து போவது உண்மையிலேயே அவ்வளவு ஆபத்தா? கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போமா?

பைக்காரர் பக்கமும் நியாயம் இருக்கு!

ஏப்ரல், மே வெயிலில் சிக்னலில் ஐந்து நிமிடம் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். தலைக்கு மேலே வெயில், ஹெல்மெட்டுக்குள் வியர்வை, காலடியில் இன்ஜின் சூடு, முகத்துக்கு நேரே பஸ்ஸின் புகை. ஆபீஸில் விரல் வைக்க வேண்டிய நேரம் நெருங்கிக்கொண்டிருக்கும். டெலிவரி வேலை என்றால், வாடிக்கையாளர் செல்போனில் வண்டி நகர்வதையே பார்த்துக்கொண்டிருப்பார். கண்ணெதிரே காலியாக ஒரு சந்து தெரியும்போது, யாருக்குத்தான் பொறுமை இருக்கும்?

இன்னொரு பயமும் உண்டு. வரிசையின் கடைசியில் நிற்கும் பைக்கை, பின்னால் வரும் வண்டி கவனிக்காமல் இடித்துவிட்டால்? காருக்கு அது பம்பரோடு போகலாம். பைக்காரருக்கு அப்படி இல்லை.

கலிஃபோர்னியா என்ன சொல்லுது?

இந்தக் கேள்வியைச் சில ஊர்கள் சட்டமன்றம் வரை கொண்டு போயிருக்கின்றன. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாகாணத்தில் பல ஆண்டுகளாகவே பைக்குகள் லேன்களுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தன. அதை 2016-ல் சட்டமாகவே ஆக்கினார்கள். 2017 ஜனவரி 1 முதல் நடைமுறை. அமெரிக்காவில் இதை வெளிப்படையாகச் சட்டபூர்வமாக்கிய முதல் மாகாணம் அதுதான்.

அதற்கு முந்தைய ஆண்டு, பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆய்வு ஒன்று வெளியானது. விபத்தில் சிக்கிய சுமார் 6,000 பைக் ஓட்டிகளின் விவரங்களை அலசினார்கள். அவர்களில் 997 பேர் விபத்து நேரத்தில் லேன்களுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தவர்கள். மற்றவர்களோடு ஒப்பிட்டால் இவர்களுக்குத் தலைக்காயம் குறைவு. பின்னால் வந்த வண்டி இடித்ததும் குறைவு. ஆனால், இவர்களே முன்னால் போன வண்டியில் மோதியது அதிகம்.

'அப்போ புகுந்து போறது நல்லதுதானே!' என்று உடனே முடிவுக்கு வந்துவிட வேண்டாம். அந்த ஆய்வு சொன்ன முக்கியமான விஷயமே வேறு. சுற்றியுள்ள வண்டிகளின் வேகம் மணிக்கு 80 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். அவற்றைவிட பைக்கின் வேகம் சுமார் 24 கிலோமீட்டருக்கு மேல் கூடக் கூடாது. இதைத் தாண்டினால் காயம் படும் வாய்ப்பு ஏறுகிறது.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2014 ஜூலை முதல் இதை அனுமதிக்கிறது. ஆனால், வேகம் 30 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். புதிதாக லைசென்ஸ் எடுத்தவர்களுக்கு அனுமதி இல்லை. பள்ளிக்கூடப் பகுதியில் கூடாது. நடைபாதையை ஒட்டியும் போகக் கூடாது.

ஆக, அனுமதித்த ஊர்களும் சும்மா அனுமதிக்கவில்லை. எல்லா இடத்திலும் பேச்சு வேகத்தைப் பற்றித்தான்!

அங்கே சரி... நம்ம ஊர்ல?

ஒரு லேனின் அகலம் பொதுவாக 3.5 மீட்டர். ஒரு காரின் அகலம் சுமார் 1.75 மீட்டர். பக்கத்துப் பக்கத்து லேன்களில் இரண்டு கார்கள் நடுவாக நின்றால், சைடு மிரர்களைக் கழித்த பிறகு சுமார் 1.4 மீட்டர் சந்து கிடைக்கும். பைக்கின் ஹேண்டில்பார் சுமார் முக்கால் மீட்டர். இரு பக்கமும் சுமார் ஒன்றரை ஜாண் இடம் மிச்சம்.

ஒரு பக்கம் கார், மறுபக்கம் பஸ் என்றால் அந்த இடம் பாதியாகிவிடும். இரண்டு பக்கமும் பஸ் என்றால் ஹேண்டில்பார் நுழைவதே சந்தேகம்.

இது எல்லோரும் கோட்டுக்குள் நிற்கும்போது உள்ள கணக்கு. நம் ஊரில் இரண்டு லேனில் மூன்று வரிசை நிற்கும். மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்த இடங்களில் கோடே தெரியாது. ஷேர் ஆட்டோ திடீரென ஓரம் கட்டும். அதாவது, நீங்கள் நுழையும்போது இருக்கும் சந்து, பாதி தூரம் போகும்போது இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

பைக்கின் அகலத்தை மட்டும் கணக்கில் எடுக்கவும் முடியாது. பின்சீட்டில் ஒரு பக்கமாக உட்காரும் அம்மாவின் கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பிள்ளையின் ஸ்கூல் பை, காய்கறிப் பை, டெலிவரி பெட்டி... எல்லாமே ஹேண்டில்பாரைத் தாண்டி நிற்பவை.

சட்டம் என்ன சொல்கிறது? லேன் கோடு உள்ள சாலையில் லேனுக்குள்தான் ஓட்ட வேண்டும், சிக்னல் காட்டிவிட்டுத்தான் மாற வேண்டும் என்பதுதான் நம் நாட்டு விதி. ஆபத்தாக ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவில், முதல் முறைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு.

அபராதம்கூடப் பரவாயில்லை. 2022-ல் மட்டும் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அவர்களில் 74,897 பேர் டூவீலரில் போனவர்கள். நூற்றுக்கு 44 பேர்! அந்த ஆண்டு எண்ணிக்கையில் அதிக விபத்துகள் நடந்த மாநிலம் நம் தமிழ்நாடுதான். இவை எல்லாமே சந்தில் புகுந்ததால் வந்தவை அல்ல. ஆனால், சாலையில் முதலில் அடிபடுவது யார் என்பதை இந்த எண்கள் சொல்லிவிடுகின்றன.

24 விநாடிக் கணக்கு!

இப்போது ஒரு சின்னக் கணக்கு. சிக்னலுக்கு முன்னால் 200 மீட்டர் நீளத்துக்கு வண்டிகள் நிற்கின்றன. சந்தில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போனால், முன்னால் போய்ச் சேர 48 விநாடி ஆகும். 30 கிலோமீட்டரில் 'சர்'ரென்று போனால் 24 விநாடி.

மிச்சம் 24 விநாடி. அதுவும், முன்னால் போனதும் அதே சிவப்பு விளக்கில் நின்றுதான் ஆக வேண்டும்!

இந்த 24 விநாடிக்கு என்ன விலை? திடீரென ஒரு கார் கதவு திறக்கிறது என்று வையுங்கள். அதைக் கண் பார்த்து, கை பிரேக்கைப் பிடிக்க ஒரு விநாடி ஆகும். 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர், நல்ல காய்ந்த ரோட்டில் சுமார் 6 மீட்டருக்குள் நின்றுவிடுவார். 30-ல் போகிறவருக்குச் சுமார் 15 மீட்டர் வேண்டும். வேகம் இரண்டு மடங்கு ஆனால், பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம் நான்கு மடங்கு ஆகும் என்பதுதான் காரணம். மழை பெய்து ரோடு நனைந்திருந்தால் இன்னும் கூடும்.

6 மீட்டர் என்பது ஒன்றரைக் கார் நீளம். 15 மீட்டர் என்றால் கிட்டத்தட்ட நான்கு கார் நீளம். அந்த நான்கு கார்களில் எந்தக் கதவு திறக்கும், எந்த இடைவெளியிலிருந்து யார் ரோட்டைக் கடக்க எட்டிப் பார்ப்பார் என்று யாருக்குத் தெரியும்?

இந்த இடங்கள்ல வேண்டவே வேண்டாம்!

* பஸ்ஸின் இடப்பக்கம்: படிக்கட்டு அந்தப் பக்கம்தான். ஸ்டாப்பிங்குக்கு முன்பே சாலை நடுவில் பஸ் நின்றால், ஆட்கள் அந்தச் சந்தில்தான் குதித்து இறங்குவார்கள்.

* திரும்பப்போகும் லாரி, பஸ்ஸுக்குப் பக்கத்தில்: நீளமான வண்டி இடப்பக்கம் திரும்பும்போது, முதலில் கொஞ்சம் வலப்பக்கம் ஒதுங்கும். இடப்பக்கம் பெரிய கேப் கிடைத்த மாதிரி இருக்கும். ஆனால், திரும்பும்போது முன்சக்கரம் போன வழியில் பின்சக்கரம் போகாது; உள்ளே ஒடித்துக்கொண்டு வரும். அந்த கேப் அதற்கான இடம். அங்கே பைக் இருந்தால் டிரைவருக்குத் தெரியவே தெரியாது.

* இரண்டு பெரிய வண்டிகளுக்கு நடுவே: நீங்கள் டிரைவரின் கண்ணாடியில் தெரியாத இடத்தில் இருப்பீர்கள். ஒதுங்கவும் வழி இருக்காது.

* பச்சை விழுந்த பிறகு: நிற்கும் வண்டிகளுக்கு நடுவே போவது வேறு, நகரத் தொடங்கிய வண்டிகளுக்கு நடுவே போவது வேறு. எல்லோரும் லேன் மாறுவது அந்த நேரத்தில்தான். பச்சை விழும்போது சந்துக்குள் இருந்தால், ஏதாவது ஒரு வண்டிக்குப் பின்னால் வரிசையில் சேர்ந்துவிடுங்கள்.

* பின்சீட்டில் பிள்ளை இருக்கும்போது: அன்றைக்கு மட்டுமாவது வரிசையிலேயே நில்லுங்கள். பெல் அடித்த பிறகு உள்ளே போனால் டீச்சர் திட்டுவார், அவ்வளவுதானே!

கார்ல இருக்கறவங்களுக்கும் வேலை இருக்கு!

பைக்காரரைத் திட்டுவதோடு கடமை முடிந்துவிடாது. டிராஃபிக்கில் லேன் மாறும் முன் இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடியை ஒரு முறை பாருங்கள். 'எனக்கு வழி விடாம போறியா?' என்று வேண்டுமென்றே சந்தை அடைக்காதீர்கள்.

முக்கியமாக, கதவு. டிரைவர் சீட்டில் இருப்பவர் வலது கையால் கதவைத் திறக்காமல், இடது கையை நீட்டித் திறந்து பாருங்கள். உடம்பு தானாகத் திரும்பும், கண் பின்னால் பார்க்கும். இடப்பக்கம் இறங்குபவர்கள் வலது கையால் திறக்கலாம். 'சிக்னல்லதானே நிக்குது, நான் இங்கயே இறங்கிக்கறேன்' என்று சொல்லும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள். பழக ஒரு வாரம் போதும்.

வீட்டில் ஆரம்பிக்கலாம்

பெரும்பாலான அவசரங்கள் சாலையில் ஆரம்பிப்பதில்லை. வீட்டிலும் ஆபீஸிலும்தான் ஆரம்பிக்கின்றன. பத்து நிமிடம் தாமதமாகக் கிளம்பியவர், அதைச் சந்துகளில் தேடுகிறார். 24 விநாடி, 24 விநாடியாகச் சேர்த்தாலும், விட்ட பத்து நிமிடத்தைப் பிடிக்க 25 சிக்னல் வேண்டும்!

"எங்கடா இருக்க? இன்னும் வரலையா?" என்று வண்டி ஓட்டும் மகனுக்கு நாலு முறை போன் அடிக்கும் அம்மாக்கள், "மெதுவா வாப்பா, சாப்பாடு எடுத்து வைக்கிறேன்" என்று ஒரு மெசேஜ் போட்டுவிட்டுக் காத்திருக்கலாம். உணவுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு, 'அஞ்சு நிமிஷம் லேட்' என்று ஸ்டாரைக் குறைப்பவர்களும் கொஞ்சம் யோசிக்கலாம். அந்த ஐந்து நிமிடத்துக்காக ஒருவர் எந்தப் பஸ்ஸுக்கும் எந்த லாரிக்கும் நடுவே புகுந்து வந்திருப்பாரோ?

நாளைக் காலையிலும் அதே சிக்னல், அதே சந்து இருக்கும். நுழையும் முன் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: 'இப்போ ஒரு கதவு திறந்தா, என்னால நிறுத்த முடியுமா?' முடியாது என்றால், அங்கேயே நில்லுங்கள். பச்சை விழாமலா போய்விடும்?