பல்கலைக்கழகம் வாய்மூடலாமா?

(பௌதிகத் துறை எம்.எஸ்ஸி. மாணவன், சாம்பியன் ரீப்ஸ்)



"நமக்கேன் இந்த வம்பு?"

சென்ற கல்வியாண்டில் நம் சங்கக் கூட்டத்தில் எழுந்த குரல் இது. 1983 ஜூலையில் இலங்கையில் கொல்லப்பட்ட தமிழருக்கு அஞ்சலித் தீர்மானம் அன்று ஒருமனதாக நிறைவேறியது. எல்லாக் கைகளும் உயர்ந்தன. என் கையும் உயர்ந்தது. அப்போது முதலாண்டுத் தம்பி ஒருவன் எழுந்தான். "1989இல் சுட்டுக் கொல்லப்பட்ட யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியை ராஜினி திராணகமவையும், 1990இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களையும் இத்தீர்மானத்தில் சேர்த்து நினைக்க வேண்டாமா?" என்று கேட்டான். அரங்கம் அடங்கிப் போயிற்று. "வம்பு" என்றது ஒரு குரல். "துரோகி" என்றது மற்றொரு குரல். தம்பி உட்கார்ந்துவிட்டான்.

நான் என்ன செய்தேன்? கடிகாரத்தைப் பார்த்தேன். வாய் திறக்கவில்லை. அவன் கேட்டது நியாயம் என்று என் நெஞ்சு சொல்லிற்று. என் நாக்கு சொல்லவில்லை. அந்த ஊமைத்தனத்துக்குக் கழுவாயாகவே இதை எழுதுகிறேன்.

நான் சொல்ல வந்தது ஒன்றே. பயங்கரவாதத்தையும், பிறப்பைக் காரணமாக்கி ஒரு மக்களை வெறுக்கும் நஞ்சையும் கண்டித்துப் பேசுவது பல்கலைக்கழகத்தின் கடமை. அந்தக் கடமைக்கு உரைகல் தம்மவர் செய்த கொலைதான். பிறர் செய்த கொலையைக் கண்டிக்க ஊரில் ஆயிரம் மேடை உண்டு. தம்மவர் செய்ததைக் கண்டிக்கப் பல்கலைக்கழகமும் முன்வராவிட்டால் வேறு யார் வருவார்?

இதைச் சொல்ல உனக்கென்ன உரிமை என்று கேட்பீர்கள். நான் கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீப்ஸில் பிறந்தவன். என் தாத்தா அங்கே மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போன சுரங்கத்தில் இறங்கி உழைத்தவர். நான் பிறப்பதற்கு முன்பே, 2001 பிப்ரவரியில், சுரங்கம் மூடப்பட்டது. எங்களுக்கு மிஞ்சியவை லைன் வீடும், சயனைடு மண்மேடும், பெங்களூருக்குப் போகும் விடியற்காலை ரயிலுமே. அந்த ரயிலில்தான் என் தந்தையார் இன்றும் வேலைக்குப் போய்வருகிறார்.

1991ஆம் ஆண்டை என் பாட்டி 'அந்த வருஷம்' என்றே சொல்வார். அவ்வாண்டு மே 21இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியும் உடன் நின்ற பலரும் குண்டுக்கு இரையானார்கள். கொலைக்குழுவைச் சேர்ந்த சிலர் ஆகஸ்டு மாதம் பெங்களூரை அடுத்த கோணனகுண்டேயில் மறைந்திருந்து, காவல்துறை சூழ்ந்தபோது மாண்டனர். கொலை செய்தவர் எங்கோ இருந்து வந்தவர். ஆனால், தமிழ் பேசிய வாயெல்லாம் சந்தேகத்துக்கு ஆளாயிற்று. டிசம்பரில் காவிரித் தீர்ப்பு வெடித்தது. பெங்களூரில் தமிழர் கடைகளும் குடிசைகளும் எரிந்தன, உயிர்கள் போயின, ஆயிரக்கணக்கானோர் ஊரைவிட்டு ஓடினார்கள். எங்கள் உறவினர் இரு குடும்பத்தார் கட்டிய துணியோடு வந்து, எங்கள் லைன் வீட்டில் ஒரு மாதம் தங்கினார்களாம்.

நானே கண்டது 2016 செப்டம்பர் 12. அப்போது ஒன்பதாம் வகுப்பு மாணவன். பெங்களூரில் தமிழகத்துப் பேருந்துகள் எரிவதைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்பாவிடமிருந்து தொலைபேசி வந்தது. அம்மாவிடம் அவர் கன்னடத்தில் பேசினார்! வீட்டில் ஒரு நாளும் பேசாத மொழியில், "பயப்படாதே, வந்துவிடுவேன்" என்றார். அவருடன் வேலை செய்யும் கன்னட நண்பர் ஒருவர் தம் வண்டியில் ஏற்றி, ரயில் நிலையம் வரை வந்து விட்டுப் போனார். அன்று என் தந்தையார் எந்த அணையைத் திறந்தார்? எந்த மதகை மூடினார்? ஒன்றுமில்லை. தமிழராகப் பிறந்திருந்தார், அவ்வளவே.

ஒருவர் செய்ததற்கோ செய்யாததற்கோ ஓர் இனத்தையே கூண்டில் ஏற்றும் இந்த நோய்க்கு உலக வரலாற்றில் மிகப் பழைய பெயர் யூத வெறுப்பு. அந்நோய் முற்றிய இடம் படிக்காதவர் சேரி அன்று, நண்பர்களே. உலகத்தின் தலைசிறந்த பல்கலைக்கழகங்களிலேயே அது முற்றியது.

நம் ஆய்வுக்கூடத்தில் பிராங்க்–ஹெர்ட்ஸ் சோதனையைச் செய்யாத பௌதிக மாணவர் உண்டா? அந்த ஜேம்ஸ் பிராங்க் என்ன ஆனார் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர் அவர்; நோபல் பரிசு பெற்றவர்; யூதர். 1933 ஏப்ரல் 7இல் யூதர்களை அரசுப் பணியிலிருந்து நீக்கும் சட்டத்தை நாஜி அரசு கொண்டுவந்தது. முதல் உலகப் போரில் ஜெர்மனிக்காகப் போரிட்டவர் என்பதால் பிராங்குக்கு அதில் விலக்கு இருந்தது. அவர் விலக்கை ஏற்கவில்லை. தம் இனத்தார் விரட்டப்படும்போது தாம் மட்டும் நாற்காலியில் அமர்ந்திருக்க மாட்டேன் என்று வெளிப்படையாக அறிவித்துப் பதவி விலகினார். அவருடைய பல்கலைக்கழகம் என்ன செய்தது? ஆசிரியர்கள் 42 பேர் கூடி அறிக்கை விட்டார்கள். எதைக் கண்டித்து? அச்சட்டத்தையா? இல்லை. பிராங்க் பதவி விலகியதைக் கண்டித்து!

அடுத்த மாதம் பத்தாம் நாள், ஜெர்மனியின் பல்கலைக்கழக நகரங்களில் நூல்கள் எரிந்தன. அதை முன்னின்று நடத்தியது மாணவர் சங்கம். ஆம், நம்மைப் போன்ற மாணவர்களின் சங்கமே! ஸ்டார்க் விளைவைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்குகிறோமே, அந்த ஸ்டார்க்கும், அவரைப் போலவே நோபல் பரிசு பெற்ற லேனார்டும், ஐன்ஸ்டைனின் கொள்கையை 'யூதப் பௌதிகம்' என்று இகழ்ந்தார்கள். கல்வி தானாகவே மனிதனைப் பண்படுத்திவிடும் என்று நம்புவோர் இதைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்தக் கதையின் ஒரு கிளை எங்கள் ஊருக்குப் பக்கத்திலும் வந்து சேர்ந்தது. கோட்டிங்கனில் வேலையிழந்த மற்றொரு மாமேதை மாக்ஸ் பார்ன். அவரைப் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கு வரவழைத்தவர் நம் சர் சி. வி. ராமன். 1935–36இல் பார்ன் அங்கே சில மாதங்கள் பணியாற்றினார். அவருக்கு நிலையான பதவி தர ராமன் முயன்றார். ஆசிரியர் கூட்டத்தில் ஆங்கிலப் பேராசிரியர் ஒருவர் எழுந்து, சொந்த நாட்டாலேயே துரத்தப்பட்ட இரண்டாந்தர அந்நியர் நமக்குப் போதாது என்னும் பொருள்படப் பேசினாராம். பார்னே தம் நினைவுகளில் இதை எழுதியிருக்கிறார். பதவி கிடைக்கவில்லை. அந்த 'இரண்டாந்தர' மனிதருக்கு 1954இல் நோபல் பரிசு கிடைத்தது. துரத்தியவனை விட்டுவிட்டுத் துரத்தப்பட்டவனிடமே குற்றம் காணும் குணம் கடல் கடந்தும் வந்துவிடுகிறது, பார்த்தீர்களா!

இனி நம் வீட்டுக்கு வருவோம். அந்தத் தம்பி எழுப்பிய கேள்விக்கு வருவோம்.

ராஜினி திராணகம யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் துறைத் தலைவர். இரண்டு பெண் குழந்தைகளின் தாய். ஒரு காலத்தில் விடுதலைப் புலிகளுக்கு உதவியவர். பின்னர், துப்பாக்கி யார் கையில் இருந்தாலும் சாவது எளியவரே என்று கண்டு விலகியவர். 1988இல் சக ஆசிரியர்களோடு சேர்ந்து மனித உரிமைக்கான பல்கலைக்கழக ஆசிரியர் அமைப்பைத் தொடங்கினார். ராஜன் ஹூல், தயா சோமசுந்தரம், ஸ்ரீதரன் ஆகியோரோடு அவர் எழுதிய நூலே 'முறிந்த பனை'. இலங்கை அரசின் கொடுமைகளை அதில் எழுதினார்கள். இந்தியப் படை 1987 அக்டோபரில் யாழ்ப்பாண மருத்துவமனையில் செய்த கொலைகளை எழுதினார்கள். தமிழ் இயக்கங்கள் தமிழரையே கொன்றதையும் எழுதினார்கள். ஒரு தட்டை மட்டும் நிறுத்துப் பார்க்காத தராசு அது.

1989 செப்டம்பர் 21. பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்த ராஜினியை வழிமறித்துச் சுட்டுக் கொன்றார்கள். அவருக்கு வயது 35. கொன்றவர்கள் விடுதலைப் புலிகளே என்பது அவருடைய தோழர்களின் முடிவு. அந்நூல் அவர் மறைந்த பின், 1990இல்தான் அச்சேறிற்று. எஞ்சிய தோழர்கள் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறி, மறைந்து வாழ்ந்தபடியே ஆண்டுக்கணக்கில் அறிக்கைகள் எழுதினார்கள்.

1990 ஆகஸ்டு 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் எழுபதாயிரம் பேருக்கு மேல் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாண நகரத்தாருக்குக் கொடுத்த கெடு இரண்டு மணி நேரம்! அவர்கள் பேசிய மொழி எது? தமிழ். தாலாட்டுக் கேட்ட மொழி எது? தமிழ். ஆனாலும், பிறப்பே குற்றமாயிற்று. பெங்களூரில் என் உறவினர் கட்டிய துணியோடு ஓடியதைச் சொல்லி நான் கண்ணீர் விடுவேனாம். யாழ்ப்பாணத்து முஸ்லிம் தாய் அவ்வாறே ஓடியதைச் சொன்னால் 'வம்பு' என்பேனாம்! இது என்ன நீதி?

உலகம் இன்றும் திருந்தவில்லை. 2008 நவம்பர் 26இல் மும்பையில் புகுந்த கொலைகாரர்கள் 166 பேரைக் கொன்றார்கள். பெரிய ஓட்டல்களோடும் ரயில் நிலையத்தோடும் நிற்காமல், நரிமன் இல்லம் என்ற சிறு யூதர் விடுதியையும் தேடிப்போய், மதகுருவையும் அவர் மனைவியையும் உட்பட ஆறு பேரைக் கொன்றார்கள். அவர்களுடைய இரண்டு வயதுக் குழந்தையை வாரியெடுத்துக்கொண்டு வெளியே ஓடிவந்தவர் சாந்திரா சாமுவேல் என்னும் இந்தியத் தாதி. அறம் பேச அவருக்குப் பட்டம் தேவைப்படவில்லை.

2023 அக்டோபர் 7இல் ஹமாஸ் இயக்கத்தார் இஸ்ரேலில் சுமார் 1,200 பேரைக் கொன்றார்கள். முதியவரையும் குழந்தையையும் பிணையாகப் பிடித்துப் போனார்கள். அதன்பின் காசாவில் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். இந்தப் பிணங்களுக்கு அழுதவர் அந்தப் பிணங்களுக்கு அழக் கூடாது என்று எந்த அறநூல் சொல்கிறது? அமெரிக்காவின் பெரும் பல்கலைக்கழகங்கள் சில, முதற்கொலையைக் கண்டிக்கச் சொல் தேடித் தடுமாறின. அரசு ஒன்றின் போர்முறையைக் கண்டிப்பது குடிமக்களின் உரிமை. அது யூத வெறுப்பு ஆகாது. ஆனால், அந்த அரசுக்காக உடன்பயிலும் யூத மாணவனைப் பழிப்பது, 2016இல் காவிரிக்காக என் தந்தையாரைத் தேடிய கும்பலின் வேலைதான். 2025 ஏப்ரலில் பகல்காமில் 26 பேர் கொல்லப்பட்டபின், வட நகரங்கள் சிலவற்றில் காஷ்மீர மாணவர்களை மிரட்டினார்களே, அதுவும் அதே வேலைதான்.

"பல்கலைக்கழகம் படிப்புக்கு; அரசியலுக்கு அன்று" என்பார்கள். இவ்வாதத்தை நான் எள்ளி நகையாட மாட்டேன். சிகாகோ பல்கலைக்கழகத்தின் கால்வென் குழு 1967இலேயே இதைத் திறம்பட எடுத்துரைத்தது: நிறுவனம் ஒரு கட்சி எடுத்தால், மாறுபடுவோரின் வாய் அடைபடும் என்பது அதன் கருத்து. உண்மைதான். வரிக்கும் தேர்தலுக்கும் எல்லைக்கும் பல்கலைக்கழகம் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். ஆனால், நிராயுதபாணியைப் பிறப்புக்காகக் கொல்லலாமா என்பது கட்சி வழக்கா? அதற்கு இரண்டு பக்கம் உண்டா? தன் ஆசிரியையே சைக்கிளில் போகும்போது சுடப்பட்டால், படிப்பு மட்டும் எங்கே பிழைத்திருக்கும்?

"பேசி என்ன பயன்? துப்பாக்கி கேட்குமா?" என்பாரும் உண்டு. துப்பாக்கி கேட்காது. ஆனால், துப்பாக்கியைத் தூக்கப் போகும் பதினெட்டு வயது இளைஞன் கேட்பான். அவன் காதில் முதலில் விழும் சொல் எவருடையது என்பதே கேள்வி.

ஆகவே, நம் சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள் விடுக்கிறேன். ஒன்று: ஜூலை நினைவு நாளைப் போலவே, செப்டம்பர் 21இல் ராஜினியையும், அக்டோபர் இறுதியில் விரட்டப்பட்ட முஸ்லிம்களையும் ஆண்டுதோறும் நினைப்போம். இரண்டு: எங்கு பயங்கரவாதம் நடந்தாலும், கொன்றவர் பெயரை விழுங்காமல் கண்டிப்போம், அதே தீர்மானத்தில், கொன்றவரின் மதத்தையோ மொழியையோ சேர்ந்த உடன்மாணவருக்குத் துணை நிற்போம் என்றும் எழுதுவோம். மூன்று: இவ்வாறே பேசும்படி நம் பல்கலைக்கழக ஆட்சியாளரையும் கேட்போம், மாறுபட்டுப் பேசுவோரின் வாயை எந்நாளும் அடைக்க மாட்டோம்.

1965இல் சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தின் ஆழத்தில், இந்தியரும் ஜப்பானியரும் ஆங்கிலேயரும் ஒன்றுகூடி, வானிலிருந்து வரும் நியூட்ரினோவின் தடத்தைக் கண்டார்கள். எதிலும் படாமல் பூமியையே ஊடுருவிச் செல்லும் நுண்துகள் அது. அதன் தடத்தைப் பிடிக்க எவ்வளவு ஆழம் இறங்க வேண்டியிருந்தது! உண்மையும் அப்படித்தான். மேடையில் கணியன் பூங்குன்றனைப் பாடுவது எளிது. இருட்டில் இறங்கி, நம்மவர் செய்ததையும் பார்த்துச் சொல்வது அரிது. என் தாத்தா தங்கத்துக்காக அந்த இருட்டில் இறங்கினார். அவர் பேரன் உண்மைக்காக ஒரு கூட்டத்தில் எழுந்து நிற்கக் கூடாதா?

அந்தத் தம்பி மீண்டும் எழுவானா என்று தெரியவில்லை. எழாவிட்டால், அடுத்த கூட்டத்தில் அத்தீர்மானத்தை நான் முன்மொழிகிறேன். வழிமொழிய ஒரு கை வேண்டும். அது உங்கள் கையாக இருக்கட்டும்!