ரயில் ஓட்டுவோரின் ஓய்வு

இரவு வண்டியில் செல்லும் பிரயாணி விளக்கை அணைத்துவிட்டுக் கவலையின்றிக் கண்ணயர்கிறார். வண்டியின் முன்னால் ஒருவர் தூங்காமல் விழித்திருக்கிறார் என்ற நம்பிக்கை ஒன்றே அதற்கு ஆதாரம். அந்த ஒருவர் கடைசியாக எப்போது தூங்கினார் என்று பிரயாணி கேட்பதில்லை. கேட்க வேண்டிய அவசியமும் அவருக்கு இருக்கலாகாது. அதை அறிந்து நடத்த வேண்டிய பொறுப்பு ரயில்வே நிர்வாகத்தினுடையது. அப்பொறுப்பு சரிவர நிறைவேறி வருகிறதா என்பதையே இன்று பொது ஜனங்களின் யோசனைக்குக் கொண்டுவர விரும்புகிறோம்.

2024 ஜூன் 2-ந் தேதி விடியற்காலையில், பஞ்சாபில் ஸர்ஹிந்துக்கு அருகே, நின்றுகொண்டிருந்த ஒரு கூட்ஸ் வண்டியின் மீது மற்றொரு கூட்ஸ் வண்டி மோதிற்று. எஞ்சின் புரண்டு, பக்கத்துப் பாதையில் சென்ற பிரயாணி வண்டியின் மேல் உராய்ந்தது. தெய்வாதீனமாக உயிர்ச்சேதம் இல்லை. தாங்கள் கண்ணயர்ந்துவிட்டதாக எஞ்சினில் இருந்த இருவரும் விசாரணையில் ஒப்புக்கொண்டனர் என்று செய்தி வெளியாயிற்று. சிவப்பு விளக்கைக் கடந்தது பெரும் பிழையே. அதை மறைக்க நாம் முன்வரவில்லை. ஆனால், பிழை செய்தவர் யார் என்று கேட்பதோடு விசாரணை முடிந்துவிடுமானால் அது பாதி விசாரணைதான். தூங்கக்கூடிய நிலையில் அவர்களை எஞ்சினில் ஏற்றியது யார் என்பது மற்றப் பாதி.

லோகோ பைலட் என்று இப்போது வழங்கப்படும் எஞ்சின் டிரைவரின் வாழ்க்கை எத்தகையது என்பதை நமது நேயர்களில் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். முக்கியமாகக் கூட்ஸ் வண்டிக்குப் பிரயாணி வண்டியைப் போல நிச்சயமான அட்டவணை கிடையாது. சரக்கு ஏறியதும், பாதை கிடைத்ததும் வண்டி புறப்படும். ஆகவே, அதை ஓட்டுபவருக்கும் நிச்சயமான நேரம் கிடையாது. இன்று பகலில் அழைப்பு வரலாம். நாளை நள்ளிரவில் வரலாம். எப்போது வரும் என்று தெரியாமல் வீட்டில் படுத்திருப்பதற்கு ஓய்வு என்று பெயர். உடம்போ அட்டவணைக்குக் கட்டுப்பட்டது. இரவு இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையே அது தூக்கத்தையே நாடும். வாரந்தோறும் வேளை மாறி உழைப்பவன் பகலில் படுத்தாலும் இரவுத் தூக்கத்துக்கு அது ஈடாவதில்லை.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். 1989-ம் வருஷத்து ரயில்வே சட்டத்தின் 133-வது பிரிவு, வண்டியோடு செல்லும் சிப்பந்திகளுக்கு மாதத்தில் நான்கு முறை தொடர்ச்சியாக 30 மணி நேரமாவது, அல்லது ஐந்து முறை 22 மணி நேரமாவது, ஒரு முழு இரவும் அடங்கும்படி ஓய்வு தர வேண்டும் என்று விதிக்கிறது. இது வார ஓய்வு. இதைத் தவிர, எட்டு மணி நேர வேலைக்குப் பின் தலைமையிடத்துக்குத் திரும்பியவருக்கு 16 மணி நேர ஓய்வு உண்டு. இது தின ஓய்வு. இவ்விரண்டும் வெவ்வேறு என்பது சாதாரண அறிவு. நிர்வாகமோ முன்னதற்குள் பின்னதையும் சேர்த்துக் கணக்கிடுகிறது. 30 மணியில் 16 மணி போனால் மிஞ்சுவது 14. 22 மணியில் போனால் மிஞ்சுவது 6. ஆபீஸ் குமாஸ்தாவுக்கு ஞாயிற்றுக்கிழமை ரஜா அளித்து, சனிக்கிழமை இரவு அவர் வீட்டில் தூங்கியதை அந்த ரஜாவில் கழித்துக்கொண்டால் அதை யாராவது நியாயம் என்பார்களா?

இந்தக் கணக்கை ஆட்சேபித்து, 16 மணியும் 30 மணியும் சேர்ந்து 46 மணி நேரம் ஓய்வு வேண்டுமென்று 2024 ஜூன் முதல் தெற்கு ரயில்வேயின் லோகோ பைலட்டுகளில் ஒரு பகுதியார் கிளர்ச்சி செய்தனர். அவர்கள் எஞ்சினை நிறுத்தவில்லை. 46 மணி நேரம் ஓய்வெடுத்து வேலைக்குத் திரும்பினார்கள். அதற்காகச் சிலர் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. சட்டத்தின் வாசகத்துக்கு இரு பொருள் கூறலாம் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பிராணாபாயம் சம்பந்தப்பட்ட விஷயத்தில், இரண்டில் உயிரைக் காக்கும் பொருளையே ஏற்பது விவேகமாகும்.

வேலைக்கு வரும் ஒவ்வொரு லோகோ பைலட்டும் குழாயில் மூச்சை ஊதிக் காட்டிவிட்டே கையெழுத்திட வேண்டும். மது அருந்தியவன் எஞ்சினில் ஏறலாகாது. இது மிகவும் சரியான ஏற்பாடு. 1997-ல் ஆஸ்திரேலியாவில் செய்த பரிசோதனையில், தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவனின் தடுமாற்றம், இரத்தத்தில் நூற்றுக்கு 0.05 பங்கு மது கலந்தவனின் தடுமாற்றத்துக்குச் சமானம் என்று கண்டறிந்தார்கள். மதுவைக் கண்டுபிடிக்கக் குழாய் இருக்கிறது. தூக்கமின்மையைக் கண்டுபிடிக்கக் குழாய் எதற்கு? நிர்வாகத்தின் சொந்த டியூட்டிப் புஸ்தகமே போதும். மதுவைத் தேடும் அதிகாரிகள் தங்கள் புஸ்தகத்தைப் புரட்டிப் பார்ப்பதில்லை என்பதே நமது குறை.

யந்திரங்கள் காப்பாற்றும் என்று சொல்லப்படலாம். எஞ்சினில் விழிப்பைச் சோதிக்கும் கருவி இருக்கிறது. மோதலைத் தடுக்கும் ‘கவச்’ ஏற்பாடும் வந்திருக்கிறது. ‘கவச்’ நல்ல ஏற்பாடே. ஆனால் 2024-ம் வருஷ மத்தியில் அது அமைந்திருந்த பாதை சுமார் 1,465 கிலோமீட்டர். தேசத்தின் ரயில் பாதையோ 68,000 கிலோமீட்டருக்கு மேல். மேலும், அயர்ந்த மனிதன் யந்திரத்தையும் ஏமாற்றிவிடுவான் என்பதற்குப் பிற தேசங்களின் அனுபவமே சாட்சி. 1986 பிப்ரவரி 8-ந் தேதி கானடாவில் ஹின்டன் என்ற ஊருக்கருகே கூட்ஸ் வண்டி ஒன்று சிவப்பு விளக்கைக் கடந்து பிரயாணி வண்டியுடன் மோதி 23 பேர் மாண்டனர். கூட்ஸ் எஞ்சினில் இருந்தவர்கள் முதல் நாள் இரவு சரியாகத் தூங்காதவர்கள். காலை எடுத்தால் வண்டியை நிறுத்தும் மிதிப்பலகையின் மேல் பாரத்தை வைத்துவிடும் பழக்கம் ஊழியர்களிடையே இருந்ததும் விசாரணையில் வெளிவந்தது. விசாரித்த நீதிபதி பாய்ஸி தனி மனிதர்களோடு நிற்கவில்லை; களைப்பைச் சகஜமாக ஏற்றுக்கொண்ட ரயில்வேயின் நடைமுறையையே கண்டித்தார்.

ஆள் போதவில்லை என்பது நிர்வாகத்தின் மற்றொரு சமாதானம். உதவி லோகோ பைலட்டுகளின் காலி ஸ்தானங்கள் 5,696 என்று 2024 ஜனவரியில் விளம்பரம் செய்தார்கள். ஜூன் மாதத்தில் அந்தத் தொகை 18,799 என்று உயர்ந்தது. ஐந்து மாதத்தில் தேவை மூன்று மடங்கு பெருகவில்லை. முன்பே இருந்த தேவை பின்னர் ஒப்புக்கொள்ளப்பட்டது, அவ்வளவே. அதுவரை அந்த இல்லாத ஆட்களின் வேலையைச் செய்தவர்கள், இருக்கிற ஆட்கள்தாம். ஊழியர்களுக்கும் நாம் ஒன்று சொல்ல வேண்டும். ஓடிய கிலோமீட்டருக்கு ஏற்பப் படி கிடைப்பதால், ஓய்வை விட்டுக் கூடுதல் வண்டியை விரும்புவோரும் உண்டு. ஓய்வைக் கோருகிறவர்கள் அந்த ஓய்வைத் தாங்களே விற்கலாகாது. அப்படி விற்க ஆசை காட்டும் சம்பள முறையை மாற்றுவதும் நிர்வாகத்தின் கடமை.

1973-ல் எஞ்சின் சிப்பந்திகள் வேலைநிறுத்தம் செய்தபோது, கையெழுத்திட்டு ஏறியது முதல் கையெழுத்திட்டு இறங்குவது வரை பத்து மணி நேரத்துக்கு மேற்படாது என்று சர்க்கார் ஒப்புக்கொண்டனர். பிற்கால உத்தரவுகளோ வண்டி ஓட்டும் நேரத்தை மட்டும் ஒன்பது மணி என்று வைத்து, அவசியம் நேர்ந்தால் பதினொன்று வரை நீட்டவும் இடம் கொடுத்தன. அவசியம் என்ற சொல் எப்போதும் நிர்வாகத்தின் பக்கமே சாய்கிறது. ஆகவே நாம் கோருவன இவை: தின ஓய்வை வார ஓய்வில் கழிக்கலாகாது, தொடர்ந்து இரண்டு இரவுகளுக்கு மேல் ஒருவரை ஏற்றலாகாது, கூட்ஸ் வண்டிக்கான அழைப்பு எந்த வேளைக்குள் வரும் என்பதை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், விபத்து நேர்ந்தால், வண்டி ஓட்டியவரின் முந்திய பதினான்கு நாள் வேலைக் கணக்கை விசாரணை அறிக்கையுடன் சேர்த்துப் பிரசுரிக்க வேண்டும்.

கடைசிக் கோரிக்கைக்குப் பணச் செலவு இல்லை. அதற்கு நிர்வாகம் உடன்படுமானால் மற்றவை தாமாகவே பின்தொடரும். தாம் எழுதும் கணக்கைப் பொது ஜனங்களும் படிப்பார்கள் என்று தெரிந்த அதிகாரி, ஐந்தாவது இரவுக்கு ஒருவரின் பெயரை எழுதும் முன் சற்று யோசிப்பார்.