‘இப்போது காணப்படவில்லை’ என்ற சொல்லோடு வாழ்தல்

நம் குடும்பங்களில் ஒருவருக்குப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து, ஸ்கேன் முடிவு நல்லபடியாக வந்துவிட்டால், அந்த வீட்டில் முதலில் எழும் சொல் ‘அல்ஹம்துலில்லாஹ்’. எழ வேண்டிய சொல்லும் அதுவே. உறவினர் வருகின்றனர், ஸதகா கொடுக்கப்படுகிறது, பல மாதங்களுக்குப் பின் நெய்ச்சோறு மணக்கிறது. ஆனால் சில நாட்களில், எல்லோரும் மகிழ்ந்திருக்க, நோயுற்றிருந்தவர் மட்டும் அமைதியாக இருப்பதைக் காண்கிறோம். அவருக்கு இரவில் உறக்கமில்லை. சற்றே முதுகு வலித்தாலும் முகம் வாடுகிறது. ‘அதுதான் போய்விட்டதே, இன்னும் என்ன கவலை? அல்லாஹ்வின் மேல் நம்பிக்கை இல்லையா?’ என்று அன்போடுதான் கேட்கிறோம். ஆனால் அந்தக் கேள்விக்குப் பின் அவர் தம் அச்சத்தை வெளியே சொல்வதில்லை.

அந்த அறிக்கை உண்மையில் சொல்வதென்ன? பெட் ஸ்கேன் எடுக்கும் முன், சிறிதளவு கதிரியக்கம் கொண்ட, சர்க்கரை போன்றதொரு பொருளை ஊசி மூலம் செலுத்துகின்றனர். சர்க்கரையை மிகுதியாக ஈர்த்துக்கொள்ளும் செல்கள் படத்தில் ஒளிர்கின்றன. புற்றுநோய்ச் செல்கள் பெரும்பாலும் அத்தகையவை. ஆயினும், கிருமித் தொற்றும் ஆறிவரும் புண்ணும்கூட ஒளிரக்கூடும். சில மில்லிமீட்டர் அளவேயுள்ள நோய்த்திட்டு ஒளிராமலும் போகக்கூடும். ஆகவே, நல்ல அறிக்கையின் பொருள் ‘கருவிக்குத் தெரியும் அளவில் நோய் இப்போது காணப்படவில்லை’ என்பதே. இது பெரும் நற்செய்தி. எனினும், ‘இனி ஒருபோதும் வராது’ என்று எழுதித் தரப்பட்ட உறுதியன்று. மருத்துவர்கள் சில மாதங்களுக்கு ஒருமுறை மீண்டும் வரச்சொல்வது இதனாலேயே. நோயின் வகைக்கேற்பக் கண்காணிப்புக் காலமும் வேறுபடும். ஹார்மோன் சார்ந்த மார்பகப் புற்றுநோய் பல ஆண்டுகள் கழித்தும் திரும்பக்கூடும் என்பதால், 5 ஆண்டுகள், சிலருக்கு 10 ஆண்டுகள் வரைகூட மாத்திரை தொடர்கிறது.

இதை அறிந்தவர் அஞ்சுவது ஈமானின் குறைவன்று; தம் நிலையை அறிந்திருப்பதன் விளைவு. யஃகூப் நபி (அலை) அவர்களின் வரலாற்றை நாம் ஓதியிருக்கிறோம். மகனைப் பிரிந்த துயரத்தில் அவர்களின் கண்கள் வெளுத்துப் போயின. அதே நபிதான், இறையருளில் நம்பிக்கையிழக்க வேண்டாம் எனத் தம் பிள்ளைகளுக்கு அறிவுறுத்தினார்கள். கண்ணீரும் நம்பிக்கையும் ஒரே உள்ளத்தில் இருந்தன. நபிக்கே இருந்த துயரம் நம் வீட்டு உம்மாவுக்கு இருக்கலாகாது என்று சொல்ல நாம் யார்?

இவ்விடத்தில் நம்மவரிடையே இரண்டு தவறுகள் நிகழ்கின்றன. ஒன்று, ‘அல்லாஹ் குணமாக்கிவிட்டான், இனி மருந்து எதற்கு?’ என்று மாத்திரையையும் மறுபரிசோதனையையும் நிறுத்துவது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பொறுப்பை இறைவனிடம் ஒப்படைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. தவறாமல் மருந்து உண்பதும் தவக்குல்தான். மற்றொன்று, நோயுற்றிருந்தவரைப் பாதி விடைபெற்றவராக எண்ணுவது. அவரிடம் குடும்ப ஆலோசனை கேட்பதில்லை. மகளின் திருமணப் பேச்சை அவர் காதுக்கு எட்டாமல் நடத்துகிறோம். மாப்பிள்ளை வீட்டாரிடம் நோயையே மறைக்கிறோம். நோய் பறிக்காத இடத்தை நாமே பறித்துக்கொள்கிறோம்.

நிச்சயமின்மையோடு வாழ நமக்குப் புதிதாக யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. நாளை இதைச் செய்வேன் என்று வாக்களிக்கையில் இறைநாட்டத்தைச் சேர்த்துச் சொல்லுமாறு கஹ்ஃப் அத்தியாயம் கற்பிக்கிறது. ஆனால் ‘இன்ஷா அல்லாஹ்’ என்பதை நாம் பல நேரங்களில் தட்டிக்கழிக்கும் சொல்லாக ஆக்கிவிட்டோம். நாளை நம் கையில் இல்லை என்ற ஒப்புதலும், ஆயினும் நாளைக்காக இன்று முயல்வோம் என்ற துணிவும் அதனுள் இருக்கின்றன. நோயற்ற நாமும் அதே நிச்சயமின்மையில்தான் வாழ்கிறோம். அவர் அதைக் கண்ணெதிரே காண்கிறார். நாம் மறந்திருக்கிறோம், அவ்வளவே.

ஆகவே, அறிவுரையைக் குறைத்துக்கொண்டு உடனிருப்பை மிகுதியாக்குவோம். மறுபரிசோதனைக்கு முந்தைய நாட்களே மிகக் கடினமானவை. அந்நாட்களில் அவரைத் தனியே விடாதிருப்போம். மருத்துவமனைக்கு ஒருவர் உடன் சென்று, எந்த அறிகுறி தோன்றினால் உடனே வர வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டியதில்லை என்று கேட்டு எழுதி வருவோம். ரமலானில் நோன்பு நோற்கலாமா என்பதை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்யட்டும். நோயாளிக்கு இறைவன் அளித்த சலுகையை ஏற்பதில் வெட்கமில்லை. ‘பயமாக இருக்கிறது’ என்று அவர் சொன்னால் மறுக்காமல் கேட்போம். உம்ரா செல்ல விரும்பினால், மருத்துவரைக் கலந்து, ‘இன்ஷா அல்லாஹ்’ என்று சொல்லிப் பயணத்துக்கு நாள் குறிப்போம். ஐந்தாண்டு முடியட்டும் என்று வாழ்வை ஒத்திவைக்க வேண்டாம். அந்த ஐந்தாண்டும் வாழ்வுதான்.

வல்ல அல்லாஹ் நோயுற்றோர் அனைவருக்கும் முழுமையான ஷிஃபாவை வழங்குவானாக! முடிவு தெரியாத நாட்களிலும் மனஅமைதியை அருள்வானாக! அவர்களுக்குச் சுமையாகாத துணையாக நம்மை ஆக்குவானாக! ஆமீன்.