குருளைகளை வாசலில் நிறுத்துகிறவர்களுக்கு

மதிப்பிற்குரிய தாளாளர் அவர்களுக்கு,

தங்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகன் சென்ற ஜூனில் சாரணர் இயக்கத்தின் குருளையர் படையில் சேர்ந்தான். வெள்ளிதோறும் கடைசிப் பாடவேளையில் பயிற்சி, ஆண்டுக்கு ஒரு முகாம் என்று தங்கள் சுற்றறிக்கை சொன்னது. சீருடை, தொப்பி, ஸ்கார்ஃப் எல்லாவற்றுக்கும் பணம் கட்டினோம். பத்தே நாளில் கைக்கு வந்துவிட்டன. அதில் குறையே சொல்ல மாட்டேன்.

வெள்ளிக்கிழமைப் பாடவேளைதான் வரவில்லை. முதலில் கணக்குக்குப் போனது, பிறகு காலாண்டுத் தேர்வுக்கு, பிறகு ஆண்டுவிழா ஒத்திகைக்கு. பொறுப்பாசிரியை மீது எனக்கு வருத்தமில்லை. அவருக்கு நேரம் கொடுத்தால்தானே நடத்துவார்?

சீருடைக்கு மட்டும் வேலை இருந்தது. ஆண்டுவிழாவன்று மூன்று மணிக்கே குருளையரையும் நீலப்பறவையர் படைச் சிறுமிகளையும் கம்பளத்தின் இருபுறமும் தட்டும் பூவுமாக நிறுத்தினீர்கள். சிறப்பு விருந்தினர் வந்தபோது மணி நாலே முக்கால். அன்றிரவு என் மகன் கேட்டான்: "அம்மா, குருளைன்னா வாசல்ல நிக்கிறவங்களா?"

ஓநாய்க் குட்டி என்றேன். அவன் நம்பவில்லை.

அண்ணன்மாரின் சாரணர் படைக்குப் பின்னாலேயே ஓடிவந்த பொடியன்களுக்காக 1916-இல் பேடன் பவல் தொடங்கியதுதான் குருளையர் படை. அவர் ராணுவத் தளபதியாக இருந்தவர். அணிவகுப்பு அவருக்குத் தெரியாததல்ல. ஆனாலும் இந்த வயதுக்கு அவர் தேர்ந்தெடுத்தது கிப்ளிங்கின் காட்டுக் கதையை. நடுவில் தலைவராக அகேலா, சுற்றிலும் குந்தியிருக்கும் குட்டிகள், எல்லோரும் சேர்ந்து ஓர் ஊளை. ஆறு ஆறு பேராகப் பிரிந்து விளையாட்டு, முடிச்சு, தினம் ஒரு நற்செயல். தங்கள் வளாகத்தில் ஒருநாள்கூட அந்த ஊளை கேட்டதில்லை என்று சுற்றிக் குடியிருக்கும் நாங்கள் சொல்ல முடியும்.

இதையெல்லாம் நேரில் இருமுறை சொன்னேன். எழுத்தில் கொடுத்த கடிதத்தின் நகலில் தங்கள் அலுவலக முத்திரை இருக்கிறது. இப்போது எல்லோரும் படிக்க எழுதுவதற்குக் காரணம், போன வாரம் வந்த பயிற்சி அட்டை. அவனுக்கு ரீஃப் முடிச்சு தெரியும் என்று அதில் கையெழுத்தாகியிருக்கிறது. ஷூ நாடாவையே நான்தான் கட்டிவிடுகிறேன், ஐயா. பயிற்சி இல்லாததைவிட, செய்யாததைச் செய்ததாக எழுதிக்கொள்ளலாம் என்று எட்டு வயதில் அவனுக்குத் தெரிந்துவிட்டதே, அதுதான் உறுத்துகிறது.

கடையில் இரண்டு முழம் கயிறு வாங்கினேன். வலதை இடதின்மேல், பிறகு இடதை வலதின்மேல். எனக்கே மூன்று நாளானது. அவன் ஒரே மாலையில் பிடித்துக்கொண்டான்.

விளையாட்டு விழாவுக்குக் காலை ஏழு மணிக்கே சீருடையில் அனுப்பச் சொல்லியிருக்கிறீர்கள். அனுப்புகிறேன். கால்சட்டைப் பையில் அந்தக் கயிறு இருக்கும். விருந்தினர் வரத் தாமதமானால் பக்கத்துப் பிள்ளைக்கு முடிச்சுப் போடச் சொல்லித்தருவான். அப்போது யாரும் அவனை அதட்டாமல் பார்த்துக்கொள்ளுமாறு தங்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
குருளை ஒருவனின் தாய்