நடுவில் ஒரு வீண் படி
அமெரிக்காவில் உடல் முடங்கி வேலையை இழந்தவர் சமூகப் பாதுகாப்பு உதவித்தொகை கேட்டால், முதல் விண்ணப்பம் பெரும்பாலும் நிராகரிக்கப்படுகிறது. 60 நாளுக்குள் மறுபரிசீலனை கோரலாம். அங்கும் பெரும்பாலானோருக்கு இல்லை என்ற பதில்தான். அதன் பிறகே நிர்வாகச் சட்ட நீதிபதியின் விசாரணை. எவ்வளவு நேரம் உட்கார முடிகிறது, எவ்வளவு எடை தூக்க முடிகிறது என்று விண்ணப்பதாரரிடமே நீதிபதி கேட்பது அங்கேதான். பலருடைய வழக்கு சாதகமாகத் திரும்புவதும் அங்கேதான். அதற்குள் சலித்துப்போய்ப் புதிதாக விண்ணப்பிப்பவர்கள் நிலுவைத் தொகையை இழக்க நேரிடுகிறது. சிலருக்குக் காப்பீட்டுத் தகுதியே காலாவதியாகிவிடுகிறது. நடுவில் இந்த மறுபரிசீலனை எதற்கு? 1999 முதல் 10 மாநிலங்களில் அதைச் சோதனையாக நீக்கியிருந்தார்கள். பிறகு மீண்டும் கொண்டுவந்துவிட்டார்கள். இந்தப் படியில் கழிபவை நோயாளிக்குப் பறிபோன மாதங்கள். எல்லா மாநிலங்களிலும் அதை எடுத்துவிட வேண்டும்.