அம்மாவைக் குறை சொல்ல முதல் புத்தகத்தைக் கொடுங்கள்

ஒவ்வொரு ஒக்டோபரிலும் தேசிய வாசிப்பு மாதம் வருகிறது. பெனர் கட்டுவார்கள், மங்கள விளக்கேற்றுவார்கள், பிரதம அதிதிக்கு மாலை போடுவார்கள். பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, சான்றிதழ். நாங்களும் போய்ப் பின்வரிசையில் உட்காருவோம். மலையக நகரம் ஒன்றில் நடந்த அப்படியொரு கூட்டத்தில் ஒருவர் மைக்கைப் பிடித்துச் சொன்னார்: “தோட்டத்துப் பெற்றோருக்கு வாசிப்பின் அருமை தெரியாது. பிள்ளை அழுதால் போனைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள்.” மண்டபம் கைதட்டியது. எங்களில் சிலர் லயத்தில் வளர்ந்தவர்கள். எங்களுக்குக் கைதட்ட மனம் வரவில்லை.

அந்தப் பேச்சாளர் குறை சொன்ன அம்மாவின் ஒரு நாளைப் பாருங்கள். இருட்டோடு எழும்பிச் சமைத்து, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, மலைக்குப் போகவேண்டும். கிலோ குறைந்தால் அரைப்பேர். அந்தியில் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தால் தண்ணி, அடுப்பு, துணி. நாட்சம்பளம் 1,000 ரூபாயாக 2021 வரை போராட வேண்டியிருந்தது. 2024இல் அது 1,350 ஆனது. நாங்கள் கடையில் பார்த்த பதினாறு பக்கப் படக்கதைப் புத்தகத்தின் விலை 500 ரூபாய். டவுனுக்குப் போய்வர பஸ் காசு தனி. எங்களோடு கதைத்த ஒரு அம்மா கேட்டது இதுதான்: “படிச்சிக் காட்ட ஆசைதான் தம்பி. புஸ்தகம் எங்க இருக்கு?”

நூலகம் இருக்கிறதே என்பீர்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்து ஒரு நூலகத்துக்குப் போனோம். உறுப்பினராக வேண்டுமென்றால் அந்தப் பிரதேசத்தில் வரி கட்டும் ஒருவர் பிணை நிற்கவேண்டும் என்றார்கள். லயக் காம்பரா தோட்டத்தின் சொத்து. அங்கே இருப்பவர் எந்த வரிச் சிட்டையைக் காட்டுவது? மூன்று வயதுப் பிள்ளைக்கு அங்கத்துவம் உண்டா என்று கேட்டோம். “ஸ்கூல் போன பிறகு வாங்க” என்று பதில் வந்தது.

நாட்டின் நிலைமையும் அதுதான். 1945இல் இலவசக் கல்வி கொண்டுவந்தோம் என்று மார்தட்டுகிறோம். தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்க 1970கள் வரை பிடித்தது. இன்றைக்கு லயத்தில் இருக்கும் பாட்டிமார் பலர் அந்தக் காலத்துப் பிள்ளைகள். அவர்களுக்குப் பள்ளிக்கூடத்தைக் கொடுக்காமல் விட்டுவிட்டு, பேரப்பிள்ளைக்கு வாசித்துக் காட்டவில்லை என்று இப்போது மேடையில் குற்றம் சொல்கிறோம். இன்றைக்கும் இலவசப் பாடநூல் முதலாம் ஆண்டில்தான் தொடங்குகிறது. அதற்கு முந்திய ஐந்து வருடமும் உங்கள் பாடு.

இந்தக் குறை சொல்லும் பழக்கத்துக்கு ஆராய்ச்சியையும் துணைக்கு அழைப்பார்கள். 1995இல் அமெரிக்காவின் கன்சாஸில் பெட்டி ஹார்ட், டொட் ரிஸ்லி என்ற இருவர் ஒரு நூல் எழுதினார்கள். வறிய வீட்டுப் பிள்ளை பள்ளிக்குப் போகுமுன்னரே மூன்று கோடிச் சொற்களைக் குறைவாகக் கேட்கிறது என்பது அதிலிருந்து உலகம் முழுக்கப் பரவிய கணக்கு. அவர்கள் பார்த்தது 42 குடும்பங்களை. அதில் அரச நிவாரணத்தில் வாழ்ந்தவை ஆறே ஆறு. 2018இல் டக்ளஸ் ஸ்பெரியும் மற்றவர்களும் வேறு சமூகங்களில் பார்த்தபோது அந்த இடைவெளி அப்படிக் கிடைக்கவில்லை. வீட்டில் மற்றவர்கள் பேசுவதையும் சேர்த்து எண்ணினால் கணக்கே மாறியது.

லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்ல ஆராய்ச்சி வேண்டாம். ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் சண்டை, இந்தப் பக்கம் பாட்டு, வாசலில் பாட்டியின் கதை. எங்கள் பிள்ளைகள் பேச்சுக்குள்ளேதான் வளர்கிறார்கள். இல்லாதது புத்தகம்.

அது ஏன் அவ்வளவு முக்கியம்? தமிழில் நாங்கள் பேசுவது ஒன்று, எழுதுவது இன்னொன்று. “அம்மா வந்துட்டாங்க” என்று கேட்டு வளர்ந்த பிள்ளை முதலாம் ஆண்டில் “அம்மா வந்துவிட்டார்” என்பதைச் சந்திக்கிறது. மடியில் உட்கார்ந்து கதைப்புத்தகம் கேட்ட பிள்ளைக்கு அந்தத் தமிழ் ஏற்கெனவே பழக்கம். கேட்காத பிள்ளைக்கு எழுத்தும் புதிது, அந்த எழுத்துச் சொல்லும் தமிழும் புதிது. இந்த வித்தியாசத்தைத்தான் பிறகு “இந்தப் பிள்ளை மெதுவா” என்கிறோம். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலில் அதற்குப் புள்ளியும் போட்டுவிடுகிறோம்.

நாங்களும் இதில் சுத்தமானவர்கள் இல்லை. ஒருமுறை தோட்டங்களுக்கு என்று புத்தகம் சேர்த்தோம். பெட்டியைத் திறந்தால் பழைய புலமைப்பரிசில் வினாத்தாள், யாரோ படித்து முடித்த ஓ.எல். கைடு, ஆங்கிலக் கதைகள். மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒன்றுகூட இல்லை. அதையும் கொடுத்துப் போட்டோ எடுத்தோம். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

வழி இல்லாமல் இல்லை. இந்த நாட்டில் பிள்ளை பிறந்தால் குடும்பநல மாது வீடு தேடி வருகிறார். மாதாமாதம் கிளினிக்கில் நிறை பார்க்கிறார்கள், கார்டில் கோடு போடுகிறார்கள். 1973இலிருந்து திரிபோஷா பைக்கட் மலை ஏறி வருகிறது. மாவைக் கொண்டுவரும் அதே வழியில் வருடத்துக்கு இரண்டு படப்புத்தகம் வராதா? அமெரிக்காவின் பொஸ்டனில் 1989இல் சில குழந்தை வைத்தியர்கள் தொடங்கியதும் இதைத்தான்: பரிசோதனைக்கு வரும் பிள்ளையின் கையில் ஒரு புத்தகம், அம்மாவுக்கு இரண்டு வார்த்தை ஊக்கம். அங்கே அது நாடு முழுக்கப் பரவிவிட்டது.

எழுத்துத் தெரியாத அம்மா என்ன செய்வார் என்று கேட்பவர்களுக்கு: படத்தைக் காட்டிக் கதை சொல்லுவார். “இந்தா பாரு, இது யாரு? எங்க போறாரு?” என்று கேட்டாலே பாதி வேலை முடிந்தது. பாட்டியும் செய்யலாம், அப்பாவும் செய்யலாம், ஆறாம் ஆண்டு படிக்கும் அக்காவும் வாசிக்கலாம். பிள்ளைக்காம்பராவின் ஆயம்மாவும் பகலில் பத்து நிமிடம் வாசிக்கலாம், அவருக்கு ஒரு பெட்டி புத்தகமும் கொஞ்சம் பயிற்சியும் கொடுத்தால்.

“பிள்ளைகள் கிழித்துவிடும்” என்பார்கள். கிழிக்கும்தான். இரண்டு வயதில் புத்தகத்தைக் கடிப்பதும் கிழிப்பதும் அதோடு பழகுவதில் ஒரு பகுதி. அலுமாரியில் பூட்டி வைத்த புத்தகம் கிழியாது, யாரும் வாசிக்கவும் மாட்டார்கள்.

ஆகவே பிரதேச சபைகளிடமும் நூலகங்களிடமும் நாங்கள் கேட்பது மூன்று. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பிணையும் வரிச் சிட்டையும் இல்லாமல் புத்தகம் இரவல் கொடுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்காம்பராவுக்கும் ஒரு பெட்டி அனுப்பி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். அடுத்த ஒக்டோபரில் பெனருக்கும் மாலைக்கும் போகும் காசில் அந்தப் பெட்டிக்குப் புத்தகம் வாங்குங்கள்.

எங்கள் பங்குக்கு, இனிச் சேர்க்கும் புத்தகங்களில் வினாத்தாளை எடுக்கமாட்டோம். மலையகப் பேச்சிலேயே, கொழுந்துக் கூடையும் லயமும் உள்ள படக்கதைகளை எழுதவும் வரையவும் ஆள் தேடுகிறோம். உங்களுக்கு வரைய வருமென்றால் வாங்க. அடுத்த கூட்டத்திலும் அதே பேச்சு வந்தால், பின்வரிசையிலிருந்து எழும்பி அந்த அம்மா கேட்ட கேள்வியை நாங்கள் மைக்கில் கேட்போம்.