வாசகர் கேள்வி: கொட்டகைக் கூரைக்கு எந்தக் காற்றைக் கணக்கில் எடுப்பது?

சேலம் கொண்டப்பநாயக்கன்பட்டி வாசகர் ஒருவர் ஆட்டுக் கொட்டகைக்குத் தகரக் கூரை போட இருக்கிறார். மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் அடிக்கும் காற்றைத் தாங்கும்படி கட்டச் சொல்கிறார் பொறியாளர். “கடற்கரைப் புயல் சேலம் வருவதற்குள் ஓய்ந்துவிடுகிறது. பிறகு எதற்கு இந்தச் செலவு? வருங்காலத்தில் அடிக்கப்போகும் காற்றை யார் கண்டது?” என்பது வாசகரின் கேள்வி.

கரை கடந்த புயல் உள்நாட்டில் வலுவிழக்கும் என்பது சரிதான். 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல், ஊத்தங்கரைக்கும் ஏற்காட்டுக்கும் பெருமழையாகவே வந்து சேர்ந்தது. ஆனால் உள்மாவட்டங்களில் கூரையைப் பிய்ப்பது பெரும்பாலும் சித்திரை, வைகாசியில் இடிமழைக்கு முன்னால் அடிக்கும் சூறைக்காற்று. இடிமேகத்திலிருந்து குளிர்ந்த காற்று வேகமாகக் கீழிறங்கி, தரையில் மோதி நாலாபக்கமும் பாய்கிறது. சில நிமிடங்களே நீடித்தாலும் கூரை போக அது போதும்.

அந்தக் காற்று எந்த நாளில் வரும் என்று பல ஆண்டுகளுக்கு முன்பே சொல்ல முடியாது. ஆனால் எவ்வளவு வேகம் வரை எதிர்பார்க்கலாம் என்று கணக்கிட முடியும். வானிலை ஆய்வு மையங்களில் பல ஆண்டுகளாகப் பதிவான உச்சக் காற்று வேகங்களைக் கொண்டு இதைச் செய்கிறார்கள். இந்திய தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதி, நாட்டை ஆறு காற்று மண்டலங்களாகப் பிரிக்கிறது. 2015-ல் திருத்தப்பட்ட இந்த விதிநூலில் சென்னைக்கு நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். கோவைக்கும் மதுரைக்கும் 39 மீட்டர், அதாவது மணிக்கு 140 கிலோமீட்டர். திறந்த வெளியில், தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில், 3 நொடி நீடிக்கும் வீச்சின் வேகம் இது.

இதை 50 ஆண்டுக் காற்று என்பார்கள். 50 ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும் என்று பொருள் அல்ல. எந்த ஓர் ஆண்டிலும் அந்த வேகம் தாண்டப்பட 100-க்கு 2 பங்கு வாய்ப்பு உண்டு. பத்து ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் அது 100-க்கு 18 பங்கு ஆகிறது.

ஆள் குடியிருக்காத பண்ணைக் கட்டடங்களுக்கு விதிநூலே சலுகை தருகிறது. அவற்றுக்கு 25 ஆண்டு ஆயுள் வைத்தால் போதும். 39 மீட்டர் மண்டலத்தில் கணக்கிடும் வேகம் இதனால் 8 சதவீதம் குறைகிறது. வீட்டுக்கு இந்தச் சலுகை கிடையாது. மலைச்சரிவிலும் உச்சியிலும் வேகத்தை 36 சதவீதம் வரை கூட்டிக் கணக்கிட வேண்டியிருக்கும். அதனால் ஏற்காட்டில் கட்டுபவர் அடிவாரத்துக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். 39 மீட்டர் மண்டலத்தில், சலுகை போக, 100 சதுர அடிக்குக் காற்றின் அழுத்தம் சுமார் 730 கிலோ. அதே 100 சதுர அடித் தகரத்தின் எடை ஏறத்தாழ 50 கிலோதான். கூரைக்கு மேலே பாயும் காற்று தகரத்தை மேல்நோக்கி இழுக்கிறது. ஒரு பக்கம் திறந்து மற்ற மூன்று பக்கமும் அடைத்த கொட்டகையில், உள்ளே புகுந்த காற்றும் சேர்ந்து கீழிருந்து தள்ளுகிறது. இதற்கு எதிரே கூரைமேல் வைக்கும் கல்லும் மணல் மூட்டையும் நிற்காது. அவை சரிந்து ஆள் மீதோ ஆடு மீதோ விழுந்தால் ஆபத்து.

எனவே தகரத்தின் கனத்தைவிடப் பிடிமானத்தில் கவனம் வேண்டும். இழுப்பு அதிகமாக இருப்பது கூரையின் ஓரங்களிலும் மூலைகளிலும்தான். அங்கே ஜே போல்ட்டுகளை நெருக்கமாகப் போட வேண்டும். அகலமான வாஷர் இல்லாவிட்டால் போல்ட் நின்றாலும் தகரம் கிழிந்துகொண்டு போகும். தகரம் சட்டத்தோடும், சட்டம் தூணோடும், தூண் அடித்தளத்தோடும் இறுகியிருக்க வேண்டும். ஒன்றரை அடி சதுரத்தில் இரண்டடி ஆழக் குழியில் போட்ட கான்கிரீட் சுமார் 300 கிலோ எடைதான் இருக்கும். ஆகவே ஒரு தூண் எவ்வளவு கூரையைச் சுமக்கிறது என்பதைப் பொறியாளரிடம் சொல்லி, ஊருக்குரிய காற்று வேகத்தை வைத்துக் குழியின் அளவை முடிவு செய்வது நல்லது.

ஏற்கெனவே கொட்டகை வைத்திருப்பவர்கள் பங்குனி முடிவதற்குள் துருப்பிடித்த போல்ட்டுகளை மாற்றி, தளர்ந்தவற்றை முறுக்கிவிட வேண்டும்.